ஆண்ட்ராய்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதும், பழையபடி மீட்டெடுப்பதும்

போன் அடிக்கடி ஹேங் ஆகிறது, ஸ்கிரீன் லாக் மறந்துவிட்டது, விற்கப் போகிறோம், வேண்டாத ஆப் ஏதோ உள்ளே புகுந்துவிட்டது. ஃபேக்டரி ரீசெட் பக்கம் ஆட்கள் போவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒரு காரணத்தால்தான். பட்டனைத் தட்டிவிட்டால் பத்து இருபது நிமிடத்தில் போன் காலியாகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கூகுள் உள்ளே விட மறுக்கும், வாட்ஸ்அப் பழைய சாட் எதுவும் இல்லை என்று சொல்லும், ஜிபே எஸ்எம்எஸ் போகவில்லை என்று நின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அநேகமாக ஒரே காரணம்: மறுபடி உள்ளே நுழையத் தேவையான பாஸ்வேர்டும் கோடும் பேக்கப்பும் அழிக்கப்பட்ட அதே போனுக்குள்தான் இருந்தன.

இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போன்களுக்கு. நம் ஊரில் பெரும்பாலான போன்களில் மெனு ஆங்கிலத்திலேயே இருப்பதால், மெனுப் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறோம்.

ரீசெட் எதை அழிக்கும், எதைத் தொடாது

போனின் உள் சேமிப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு சிஸ்டம் ஒரு பகுதியில் இருக்கும். படங்கள், ஆப்கள், மெசேஜ்கள், அக்கவுண்ட் எல்லாம் 'யூசர் டேட்டா' என்ற இன்னொரு பகுதியில் இருக்கும். ரீசெட் காலி செய்வது யூசர் டேட்டாவை மட்டும். ஆகவே ஆண்ட்ராய்டு 11-உடன் வாங்கி 13-க்கு அப்டேட் செய்த போன், ரீசெட்டுக்குப் பின்னும் 13-ஆகத்தான் எழும். அப்டேட் வந்ததிலிருந்து போன் சரியில்லை, ரீசெட் செய்தால் பழைய வெர்ஷனுக்குப் போய்விடும் என்று எண்ணிச் செய்தால் டேட்டா போனதுதான் மிச்சம்.

ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறாது. தவணையில் வாங்கிய போனில் நிதி நிறுவனம் போட்டிருக்கும் பூட்டும் பெரும்பாலும் போகாது. சிம் கார்டில் உள்ள எண்களும், தனியே போட்ட மெமரி கார்டில் உள்ள கோப்புகளும், அழிக்கும் முன் அதற்கான டிக்கை நீங்களே போடாதவரை அப்படியே இருக்கும்.

மெமரி கார்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. கார்டை 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக ஃபார்மேட் செய்து போனோடு சேர்த்திருந்தால், அந்தக் கார்டு அந்தப் போனின் சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். ரீசெட்டில் சாவி போய்விடும். பிறகு கார்டை எந்தக் கணினியில் செருகினாலும் வெற்றுக் கார்டாகத்தான் தெரியும். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து, கார்டு தனியாகக் காட்டப்படுகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், ரீசெட் தேவைதானா?

போன் மந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ரீசெட் செய்ய வருபவர்களில் பலருக்கு அது தேவைப்படுவதே இல்லை. ஸ்டோரேஜ் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் எந்தப் போனும் தடுமாறும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' உள்ளே 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்தாலே, குடும்பக் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்கள் எத்தனை ஜிபி பிடித்திருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

விளம்பரம் தானாக வந்து விழுகிறது, போன் சூடாகிறது என்றால் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். பவர் மெனுவை வரவழைத்து, 'பவர் ஆஃப்' என்பதைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோடுக்குக் கேட்கும். அதில் நீங்கள் நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. அப்போது பிரச்சினை இல்லையென்றால் குற்றவாளி ஏதோ ஓர் ஆப்தான். கடைசியாக நிறுவியதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் போதும்.

வைஃபை, ப்ளூடூத், மொபைல் டேட்டா மட்டும் தகராறு செய்தால் அதே ரீசெட் பக்கத்தில் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யும் வசதி தனியே இருக்கும். அதில் வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் இணைப்பும்தான் போகும். சார்ஜ் நிற்காத பேட்டரி, வேலை செய்யாத டச், உப்பிய பின்மூடி இவற்றுக்கு ரீசெட் மருந்தே அல்ல. உப்பிய பேட்டரியோடு இருக்கும் போனை ரீசெட்டுக்காக மணிக்கணக்கில் சார்ஜில் போடுவது ஆபத்தும்கூட.

அழிக்கும் முன்: பேக்கப்

கூகுள் அக்கவுண்டிலிருந்து தொடங்க வேண்டும். எந்த ஜிமெயில் முகவரி போனில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்பதைக் காகிதத்தில் எழுதி, வேறொரு போனிலோ கணினியிலோ உள்ளே நுழைந்து காட்டுங்கள். 'தெரியும்' என்று சொல்பவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடைக்காரர் போன் வாங்கிய அன்று உருவாக்கிக் கொடுத்த ஜிமெயில் அது. பாஸ்வேர்டு அவருக்கும் நினைவிருக்காது. மீட்புக்கான மொபைல் எண்ணாக இப்போது கையில் இல்லாத பழைய சிம் இருந்தால் உடனே மாற்றுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருந்தால் 'பேக்கப் கோட்ஸ்' பக்கத்தில் எட்டு இலக்கமுள்ள பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'உங்கள் போனில் எஸ் தட்டுங்கள்' என்று கூகுள் கேட்கும்போது, அந்தப் போன்தான் காலியாகிக் கிடக்கும்.

பாஸ்வேர்டு தெரியாமல் இப்போதுதான் புதிதாக மாற்றினீர்கள் என்றால், 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்யச் சொல்கிறது கூகுள். அவசரப்பட்டால் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் போன் ஏற்காமல் போகலாம்.

அடுத்து தொடர்பு எண்கள். கான்டாக்ட்ஸ் ஆப்பில் ஏதாவது ஓர் எண்ணைத் திறந்து, அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் அக்கவுண்ட் என்றிருந்தால் கவலையில்லை. 'போன்' அல்லது 'டிவைஸ்' என்றிருந்தால் ரீசெட்டோடு போய்விடும். எல்லா எண்களையும் விசிஎஃப் என்ற தொடர்புப் பட்டியல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது எளிது. பிறகு கணினியில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போனில் 600 பேர், அங்கே 140 பேர் என்றால் சிங்க் நடக்கவில்லை என்று பொருள்.

படங்களுக்கு கூகுள் போட்டோஸை நம்புபவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். கேமராவில் எடுத்தவை மட்டுமே தானாக மேலே ஏறும். வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோடு போன்ற ஃபோல்டர்களுக்கு ஒவ்வொன்றாக பேக்கப்பை ஆன் செய்திருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன; அது நிரம்பிய நாளிலிருந்து பேக்கப் நின்றுபோயிருக்கும். போட்டோஸில் உங்கள் முகப்படத்தைத் தட்டினால் பேக்கப் முடிந்ததா, எத்தனை பாக்கி என்று காட்டும்.

கணினி இருந்தால் யுஎஸ்பி கேபிளில் இணைத்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுத்து நகலெடுப்பதே உறுதியானது. டிசிஐஎம், பிக்சர்ஸ், டவுன்லோடு, டாக்குமென்ட்ஸ், ரெக்கார்டிங்ஸ், அதோடு ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் இருக்கும் மீடியா ஃபோல்டர் இவற்றை எடுத்தால் பெரும்பாலானவை வந்துவிடும். நகல் முடிந்ததும் மொத்த அளவை ஒப்பிட்டு, கடைசியாக ஏறிய வீடியோக்கள் இரண்டைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கேபிள் ஆடிப்போய்ப் பாதியில் அறுந்த கோப்பு, பெயரளவில் அங்கே இருக்கும், திறக்காது.

எல்லோரும் மறப்பது மறைத்து வைத்த இடங்களை. சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர், ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்களில் உள்ள பிரைவேட் சேஃப் அல்லது ஹிட்டன் ஆல்பம், கூகுள் போட்டோஸின் லாக்டு ஃபோல்டர் இவற்றில் உள்ளவை சாதாரண பேக்கப்பில் சேராது, கணினியில் இணைத்தாலும் தெரியாது. வெளியே எடுத்து வைத்த பிறகுதான் ரீசெட்.

வாட்ஸ்அப்புக்குத் தனிக் கவனம்

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'சாட்ஸ்', அதனுள் 'சாட் பேக்கப்'. அங்கே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கடைசி பேக்கப் எந்தத் தேதி, எந்த கூகுள் அக்கவுண்டில், வீடியோக்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா. வீடியோ சேர்க்கும் வசதி தானாக ஆன் ஆகியிருக்காது. 'பேக்கப்' பட்டனைத் தட்டி, வைஃபையில் 100 சதவீதம் முடியும்வரை திரையைப் பார்த்திருங்கள். 2024 முதல் இந்த பேக்கப்பும் அந்த 15 ஜிபிக்குள்தான் கணக்கு. இடமில்லையென்றால் பாதியில் நிற்கும்.

எண்ட் டு எண்ட் குறியாக்கம் போட்ட பேக்கப் என்றால் அதற்கு நீங்கள் வைத்த பாஸ்வேர்டோ, 64 இலக்க சாவியோ, பாஸ்கீயோ வேண்டும். மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. நினைவில்லையென்றால் ரீசெட்டுக்கு முன்பே அந்தக் குறியாக்கத்தை அணைத்து, புது பேக்கப் எடுத்துவிடுவது நல்லது. போன் லாக் கொண்டே அணைக்க விடும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க இரண்டடுக்கு பின்னையும் ஒருமுறை சரிபாருங்கள். அது மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுத்திருக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

டிரைவில் இடமே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. போனின் ஆண்ட்ராய்டு → மீடியா → காம்.வாட்ஸ்அப் ஃபோல்டர் முழுவதையும் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் 'டேட்டாபேசஸ்' ஃபோல்டரில் கடைசி ஏழு நாள் அளவுக்கான சாட் கோப்புகள் இருக்கும். ரீசெட் முடிந்த பின், வாட்ஸ்அப்பை நிறுவுவதற்கு முன்பே அந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிட்டால், பதிவு செய்யும்போது அதைக் கண்டுபிடித்து மீட்கவா என்று கேட்கும்.

டெலிகிராமில் சாதாரண சாட் எல்லாம் சர்வரில் இருப்பதால் தானாக வந்துவிடும். சீக்ரெட் சாட் வராது.

ஓடிபி ஆப்கள், யுபிஐ, இசிம்

உள்நுழைவுக்கான ஓடிபி எண்களைப் போனிலேயே காட்டும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் ஆப் 2023-லிருந்து அக்கவுண்டோடு சிங்க் ஆகும். மேகச் சின்னம் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். சிங்க் இல்லாமல் பயன்படுத்துபவர்கள் 'டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்' வழியாக க்யூஆர் கோடு உருவாக்கி, வேறு போனில் உள்ள அதே ஆப்பில் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு அலுவலக அக்கவுண்டில் நுழைய முடியாமல் நிர்வாகியைத் தேடுவது வழக்கமான காட்சி.

சிறு தொகைகளைப் பின் எண் இல்லாமல் அனுப்ப உதவும் யுபிஐ லைட்டில் பணம் வைத்திருந்தால் ரீசெட்டுக்கு முன் அதை வங்கிக் கணக்குக்கே திருப்பி, லைட்டை அணைத்துவிடுங்கள். அந்த இருப்பு குறிப்பிட்ட போனில் உள்ள ஆப்போடு கட்டப்பட்டது. சாதாரண யுபிஐக்கு முன்கூட்டிச் செய்ய எதுவுமில்லை. யுபிஐ பின் வங்கிப் பக்கம் இருப்பது, ரீசெட்டில் மாறாது.

இசிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருப்பவர்கள் ரீசெட் பக்கத்தில் வரும் 'இரேஸ் இசிம்ஸ்' டிக்கைக் கவனியுங்கள். போனை நீங்களே தொடர்ந்து வைத்துக்கொள்வதானால் அதை எடுத்துவிடுங்கள். அழித்துவிட்டால் நிறுவனத்திடம் மறுபடி இசிம் கேட்க வேண்டும். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல், போகாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. எஸ்எம்எஸ் இல்லையென்றால் வங்கி ஓடிபி இல்லை, யுபிஐ பதிவும் இல்லை.

கடைசியாக போனின் பொது பேக்கப். செட்டிங்ஸில் 'கூகுள்', அதனுள் 'பேக்கப்' சென்று 'பேக்கப் நவ்'. எஸ்எம்எஸ், கால் ஹிஸ்டரி, ஆப் பட்டியல், சில ஆப்களின் டேட்டா இதில் ஏறும். ஓர் ஆப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். வங்கி ஆப்கள் பொதுவாக இதில் சேர்வதே இல்லை. இப்போது உள்ள ஸ்கிரீன் லாக் பின்னை மறக்காமல் எழுதி வையுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த பேக்கப் அந்தப் பின் எண்ணால்தான் பூட்டப்படுகிறது. மீட்கும்போது 'பழைய போனின் பின்' என்று கேட்பது இதைத்தான். சாம்சங்காரர்கள் ஸ்மார்ட் ஸ்விட்ச் கொண்டு கணினியிலோ மெமரி கார்டிலோ முழு நகல் எடுத்தால் இன்னும் வசதி.

ரீசெட்: செட்டிங்ஸ் வழியாக

போன் திறக்கிறது என்றால் இதுவே சரியான வழி. சார்ஜ் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். சார்ஜரும் செருகியே இருக்கட்டும். அழிக்கும்போது மின்சாரம் போய் நின்றால் லோகோவிலேயே திரும்பத் திரும்பச் சுழலும் நிலைக்குப் போன் போகலாம். சிம்மையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

பிக்சல், மோட்டோரோலா: சிஸ்டம் → ரீசெட் ஆப்ஷன்ஸ் → இரேஸ் ஆல் டேட்டா.
சாம்சங்: ஜெனரல் மேனேஜ்மென்ட் → ரீசெட் → ஃபேக்டரி டேட்டா ரீசெட்.
ஷாவ்மி, ரெட்மி, போக்கோ: அபவுட் போன் → ஃபேக்டரி ரீசெட்.
ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ்: சிஸ்டம் அல்லது அடிஷனல் செட்டிங்ஸ் உள்ளே பேக்கப் அண்ட் ரீசெட் → ரீசெட் போன் → இரேஸ் ஆல் டேட்டா.
விவோ, ஐகூ: சிஸ்டம் → ரீசெட் ஆப்ஷன்ஸ் → இரேஸ் ஆல் டேட்டா.

வெர்ஷனுக்கு வெர்ஷன் இடம் மாறும். தேடிக் களைக்காமல் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ரீசெட் என்று தட்டினால் வந்துவிடும். 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்' என்பது வேறு. அதில் உங்கள் கோப்புகள் போகாது. ஸ்கிரீன் லாக் பின் எண்ணைக் கேட்கும், அதன்பிறகு இன்னொருமுறை உறுதி கேட்கும். ஷாவ்மியில் எம்ஐ அக்கவுண்ட் பாஸ்வேர்டும் கேட்கலாம்.

லாக் மறந்துவிட்டால்: ரெக்கவரி வழியாக

ரெக்கவரி என்பது ஆண்ட்ராய்டு முழுதாக எழாமலே போனை அழிக்க உதவும் தனி மெனு. போனை அணைத்துவிட்டு, பவர் பட்டனையும் வால்யூம் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடித்து, லோகோ வந்ததும் விட வேண்டும். ஷாவ்மி, சாம்சங் இரண்டிலும் இதுதான். ஓப்போ, ரியல்மியில் வால்யூம் கீழ் பட்டன். பிக்சலில் வால்யூம் கீழ் பட்டனோடு பிடித்தால் முதலில் ஃபாஸ்ட்பூட் திரை வரும். அதில் வால்யூம் பட்டனால் நகர்ந்து 'ரெக்கவரி மோட்' எடுக்க வேண்டும். சாய்ந்து கிடக்கும் ஆண்ட்ராய்டு பொம்மையும் 'நோ கமாண்ட்' என்ற எழுத்தும் வந்தால் பயப்பட வேண்டாம். பவரைப் பிடித்தபடியே வால்யூம் மேல் பட்டனை ஒருமுறை தட்டி விட்டால் மெனு வந்துவிடும்.

சாம்சங்கில் ஒரு நுணுக்கம்: ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய மாடல்களில் போனைக் கேபிள் மூலம் கணினியோடு இணைத்திருந்தால்தான் ரெக்கவரி திரை வரும். பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தாலும் வரவில்லை, போன் போய்விட்டது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோகும் பலருக்கு வேண்டியது ஒரு கேபிள்தான். பூட்டிய நிலையில் அணைக்கவே விடவில்லை என்றால் பவரையும் வால்யூம் கீழ் பட்டனையும் ஏழெட்டு வினாடி பிடியுங்கள். திரை கறுத்த கணத்திலேயே விரலை மேல் பட்டனுக்கு மாற்றுங்கள்.

மெனுவில் பெரும்பாலும் டச் வேலை செய்யாது. வால்யூமால் நகர்ந்து, பவரால் தேர்ந்தெடுக்க வேண்டும். 'வைப் டேட்டா / ஃபேக்டரி ரீசெட்', பிறகு 'ஃபேக்டரி டேட்டா ரீசெட்', முடிந்ததும் 'ரீபூட் சிஸ்டம் நவ்'. பக்கத்திலேயே இருக்கும் 'வைப் கேச் பார்ட்டிஷன்' உங்கள் டேட்டாவைத் தொடாது. அப்டேட்டுக்குப் பின் தகராறு செய்யும் போனில் முதலில் அதைச் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

முதல் பூட் ஐந்து, பத்து நிமிடம் எடுக்கும். அரை மணி தாண்டியும் லோகோவே நின்றால் பவர் பட்டனை நீண்ட நேரம் பிடித்து மறுபடி ரெக்கவரிக்குப் போய் இன்னொருமுறை வைப் செய்யுங்கள். அதிலும் எழவில்லை என்றால் சிஸ்டம் மென்பொருளையே மறுபடி ஏற்ற வேண்டும். அது சர்வீஸ் சென்டர் வேலை.

ரீசெட்டுக்குப் பின் வரும் கூகுள் பூட்டு

திருடிய போனை ரெக்கவரியில் அழித்துப் பயன்படுத்துவதைத் தடுக்க, ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்திருப்பது எஃப்ஆர்பி என்ற பாதுகாப்பு. போனில் கூகுள் அக்கவுண்டும் ஸ்கிரீன் லாக்கும் இருந்த நிலையில் ரெக்கவரி வழியாக அழித்தால், அமைக்கும்போது பழைய பின்னையோ, முன்பு அதில் இருந்த கூகுள் அக்கவுண்டையோ கொடுத்தே ஆக வேண்டும். புது அக்கவுண்ட் செல்லாது. செட்டிங்ஸ் வழியாக, பின் கொடுத்து அழித்தால் பெரும்பாலும் இந்தப் பூட்டு விழாது.

மாட்டிக்கொண்டால், வேறொரு கருவியில் கூகுளின் அக்கவுண்ட் ரெக்கவரி பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் வழக்கமாக ஜிமெயில் பார்க்கும் கணினியிலிருந்து, வீட்டு வைஃபையில் முயன்றால் கூகுள் நம்பும் வாய்ப்பு அதிகம். அதிலும் வராவிட்டால் போன் வாங்கிய ரசீதோடு பிராண்டின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர். 'எஃப்ஆர்பி பைபாஸ்' என்று யூடியூப் வீடியோக்களில் காட்டும் தந்திரங்கள் ஒவ்வொரு பாதுகாப்பு அப்டேட்டிலும் அடைபட்டுவிடும். அதற்காகக் கணினியில் இறக்கச் சொல்லும் மென்பொருள் எதையும் தொடாமலிருப்பதே மேல்.

மறுபடி அமைக்கும் வரிசை

சிம்மைப் போட்டு, நல்ல வைஃபையில் இணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மொழி, வைஃபை முடிந்ததும் பழைய டேட்டாவை நகலெடுக்கவா என்று ஒரு திரை வரும். அவசரத்தில் 'டோன்ட் காப்பி' தட்டிவிட்டால் எஸ்எம்எஸ், கால் ஹிஸ்டரி வராது. அவற்றுக்காக இன்னொருமுறை ரீசெட் செய்ய நேரும். அக்கவுண்டில் நுழைந்து, தேதி பார்த்து பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து, பழைய பின்னைக் கொடுங்கள். உயர்ந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனில் எடுத்த பேக்கப் தாழ்ந்த வெர்ஷன் போனில் இறங்காது. எல்லாம் இறங்கி முடிய ஒரு நாள்கூட ஆகலாம். முதல் இரண்டு மணி நேரம் போன் சூடாகவும் மந்தமாகவும் இருப்பது இயல்பு.

வாட்ஸ்அப்பை நிறுவும்போது, பழைய பேக்கப் இருந்த அதே கூகுள் அக்கவுண்ட் போனில் இருக்க வேண்டும், எண்ணும் அதே எண்ணாக இருக்க வேண்டும். 'ரீஸ்டோர்' கேட்கும் திரை ஒரே ஒருமுறைதான் வரும். 'ஸ்கிப்' தட்டிவிட்டால் பதறாமல் உடனே ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். அப்படியே ஓட விட்டால் இரவில் எடுக்கும் புதிய காலி பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடும். 'பேக்கப் கிடைக்கவில்லை' என்று வந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் வேறு ஜிமெயில்தான். வீட்டில் யாருடைய அக்கவுண்டாவது போனில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு யுபிஐ. ஆப் உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ்ஸைத் தானாக அனுப்பி எண்ணை உறுதி செய்யும். அந்த எஸ்எம்எஸ் போகாமல் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள்: ரீசார்ஜ் முடிந்திருப்பது, இரண்டு சிம் போனில் வங்கியில் பதியாத சிம்மைத் தேர்ந்தெடுத்தது, எஸ்எம்எஸ் அனுமதியை மறுத்தது. அனுமதி கொடுத்து, சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்து, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். புதிய கருவி என்று கணக்கிடப்படுவதால் முதல் 24 மணி நேரம் மொத்தம் 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப விடும். கல்விக் கட்டணமோ வாடகையோ கட்ட வேண்டிய நாளில் ரீசெட்டை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முன்பு என்னென்ன ஆப் வைத்திருந்தோம் என்று நினைவில்லையா? பிளே ஸ்டோரில் முகப்படத்தைத் தட்டி, 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' → 'மேனேஜ்' சென்று, 'இன்ஸ்டால்டு' என்பதை 'நாட் இன்ஸ்டால்டு' என மாற்றினால் முழுப் பட்டியலும் வரும். உண்மையில் தேவையானவை அதில் கால்வாசிதான் இருக்கும்.

பேக்கப் இல்லாமலே அழித்துவிட்டவர்களுக்கு

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே நல்லது: போனின் உள் சேமிப்பிலிருந்து இனி எதுவும் வராது. இன்றைய போன்களில் உள் சேமிப்பு முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டது. ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த போன்கள் முதல் இது எல்லாவற்றுக்கும் கட்டாயம். ரீசெட்டில் சாவி அழிந்தபின் உள்ளே இருப்பது அர்த்தமற்ற எண்கள். ரீசெட்டுக்குப் பின்னும் படங்களை மீட்போம் என்று பணம் கேட்கும் மென்பொருளோ கடையோ இந்த விஷயத்தில் எதுவும் செய்ய முடியாது.

வெளியே எங்கே நகல் இருக்கிறது என்று தேடுவதுதான் வழி. கூகுள் போட்டோஸின் டிராஷில், பேக்கப் ஆகியிருந்த படங்கள் 60 நாள் இருக்கும். கூகுள் கான்டாக்ட்ஸை 30 நாளுக்கு முந்தைய நிலை வரை திருப்பலாம். கணினியில் வாட்ஸ்அப் வெப் இணைத்திருந்தால், போனில் மறுபடி வாட்ஸ்அப் பதிவு செய்வதற்கு முன்பே முக்கியமான படங்களையும் மெசேஜ்களையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பதிவு செய்த உடன் இணைப்பு அறுந்துவிடும். மெமரி கார்டில் இருந்தவை அழிந்திருந்தால் மட்டும் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் உதவும். அதுவரை கார்டில் புதிதாக எதையும் எழுதக்கூடாது.

தீய ஆப் காரணமாக ரீசெட் என்றால்

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் நிறுவும் கோப்பு) திறந்துவிட்டீர்கள் என்றால் ரீசெட் முதல் வேலை அல்ல. ஏரோபிளேன் மோடைப் போட்டு, வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் மாற்றுங்கள். பிறகு ரீசெட். மீட்கும்போது படங்களும் தொடர்புகளும் மட்டும் போதும். ஆப்களை ஒவ்வொன்றாக பிளே ஸ்டோரிலிருந்து நீங்களே நிறுவுங்கள்.

அபூர்வமாக ரீசெட்டையும் தாண்டி நிற்பவை உண்டு. 2019-ல் பேசப்பட்ட எக்ஸ்ஹெல்பர், சிஸ்டம் பகுதியிலேயே போய் ஒட்டிக்கொண்டதால் அழித்தாலும் திரும்ப வந்தது. அந்த மாதிரி நிலையில் சிஸ்டம் மென்பொருளைப் புதிதாக ஏற்றுவதே தீர்வு.

விற்பதற்காக என்றால்

வரிசை முக்கியம். பேக்கப்பைச் சரிபார்த்த பின், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் கூகுள் அக்கவுண்டை நீக்குங்கள். சாம்சங், எம்ஐ அக்கவுண்ட் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். நெட் இணைப்பும் பாஸ்வேர்டும் தேவைப்படும். அதன்பிறகே செட்டிங்ஸ் வழியாக ரீசெட். இசிம்மை இப்போது அழித்துவிடலாம். புதிய போனில் வாட்ஸ்அப், யுபிஐ, வங்கி ஆப் எல்லாம் ஓடும்வரை பழைய போனை அழிக்காமல் வைத்திருப்பது பல தலைவலிகளைத் தவிர்க்கும். ஆனால் அதை மாதக்கணக்கில் அணைத்துப் போட்டுவிட்டு, கூகுள் பேக்கப் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்: 57 நாள் பயன்படுத்தாத போனின் பேக்கப்பை கூகுள் நீக்கிவிடக்கூடும்.

பழைய போன் வாங்குபவர் பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் எதிரிலேயே முகப்புத் திரை வரை அமைத்துப் பார்க்க வேண்டும். பழைய அக்கவுண்ட் கேட்டால் அவரே அங்கேயே போட்டு நீக்கட்டும். *#06# தட்டி ஐஎம்இஐ எண்ணைப் பாருங்கள். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, அந்த 15 இலக்க எண் என்று 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அந்த எண் தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். தடையில் இருக்கும் போனை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இந்திய நெட்வொர்க்கில் சிக்னல் எடுக்காது.